பழைய வேனுக்கு ஒரு பரிகாரம்

ராஜா அண்ணாமலைபுரத்தில் பள்ளிக்கூடம் கூடுகிற நேரத்தில் மெயின் ரோடுகளின் ஓரமாக நடந்து போகிற எவரும், மந்தைவெளியிலிருந்தும் பட்டினப்பாக்கத்திலிருந்தும் அடையாற்றிலிருந்தும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும் வேன்கள் வரிசையாக நின்று, எஞ்சினை அணைக்காமலே அவர்களை இறக்கிவிட்டு, இடம் கிடைத்ததும் முதல் கியரில் கிளம்பும்போது கரும்புகையை உமிழ்ந்துவிட்டுப் போவதைப் பார்த்திருப்பார்கள். அந்தப் புகை உடனே உயரப் போய் மறைந்துவிடுவதில்லை. வண்டியின் சைலன்சர் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருக்கிறது. புத்தகப் பையின் பாரத்தில் சற்றே குனிந்தபடி அடுத்த வேனிலிருந்து இறங்கி வருகிற ஐந்து வயதுக் குழந்தையின் மூக்கு அதற்கு ஒரு முழம் மேலே இருக்கிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012 ஜூனில் தீர்மானமாக அறிவித்து, புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இடம்பெற்றிருக்கும் முதல் வகுப்பிலே அதையும் சேர்த்துவிட்டது. ஆகவே இந்தப் புகை வெறும் அசௌகரியம் என்று சொல்லித் தட்டிக்கழிக்கக் கூடிய விஷயமல்ல.

இந்த வண்டிகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு நம்முடைய நடைமுறை இன்றைக்கு இரண்டே பதில்களை வைத்திருக்கிறது. புகைச் சான்று என்ற ஒரு காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே ஓட்டு என்பது ஒன்று. ஓட்ட முடியாவிட்டால் காயலான் கடைக்குப் போடு என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே, வண்டியைச் சீர்திருத்தி, அது விடும் நஞ்சைக் கணிசமாகக் குறைத்து, உடைமைக்காரனின் ஜீவனத்தையும் கெடுக்காமல், இன்னும் சில ஆண்டுகள் ஓட விடுகிற மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. உலகத்தின் பெரிய நகரங்கள் சில அதைச் செய்து பார்த்திருக்கின்றன. அந்த வழியைச் சென்னையிலே சட்டபூர்வமாகவும், பரீட்சிக்கப்பட்ட முறையிலும், பொதுப் பணத்தின் சகாயத்தோடும் திறந்துவிட வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

இந்த வேன்களின் சொந்தக்காரர் யார் என்பதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். பெரிய கம்பெனிகள் தங்கள் வண்டிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுகின்றன. அவை கைமாறி, இரண்டாவது மூன்றாவது உடைமைக்காரராக வந்து சேர்கிறவர்தான், காலையில் பள்ளிப் பிள்ளைகளையும், பகலில் கல்யாண மண்டபத்துக்குச் சாமான்களையும், மார்கழியில் ஐயப்ப பக்தர்களையும் ஏற்றிக்கொண்டு ஓடுகிற மனிதர். 2005-இல் வந்து ‘குட்டி யானை’ என்று ஊரெல்லாம் பெயர் பெற்ற டாடா ஏஸ், அதற்கு முன்னும் பின்னும் வந்த டெம்போ டிராவலர், மஸ்தா வேன், ஓசூரில் உற்பத்தியான தோஸ்த் ஆகியவற்றை நம்பி இந்த நகரத்தில் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. வட்டிக்கு வாங்கி, மாதா மாதம் டியூ கட்டி, கடன் தீர்ந்து அது முழுமையாகத் தமக்குச் சொந்தமாகிற தருணத்திலே, உன் வண்டி கிழமாகிவிட்டது என்று அவரிடம் சொல்வது எளிது. புது வண்டிக்கு மறுபடியும் முதலிலிருந்து டியூ கட்டச் சொல்வதன் கொடுமை சொல்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.

இனி, பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் உள்ள வேற்றுமை எவ்வளவு என்று பார்ப்போம். பாரத் ஸ்டேஜ் என்ற பெயரால் நம் நாட்டில் வழங்கும் புகை விதிகளில் மூன்றாம் படி சென்னைக்கு 2005 ஏப்ரலிலும், நான்காம் படி 2010 ஏப்ரலிலும் வந்தன. ஐந்தாம் படியைத் தாண்டிக் குதித்து ஆறாம் படி 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. டீசல் கார் ஒன்று ஒரு கிலோமீட்டர் ஓடும்போது வெளிவிடக்கூடிய நுண்துகளின் உச்சவரம்பு மூன்றாம் படியில் 50 மில்லிகிராம், நான்காம் படியில் 25, ஆறாம் படியில் 4.5. அதாவது, சட்டத்தின் கணக்குப்படியே மூன்றாம் படியைச் சேர்ந்த ஒரு வண்டி, ஆறாம் படியைச் சேர்ந்த பதினொரு வண்டிகள் விடும் துகளை ஒன்றாகவே விட அனுமதி பெற்றிருக்கிறது. நகரத்துக்கு வெளியே நான்காம் படி 2017 ஏப்ரலில்தான் கட்டாயமாயிற்று என்பதால், அயல் மாவட்டங்களில் பதிவாகி இங்கே ஓடுகிற வண்டிகளில் பல, வயதில் அவ்வளவு மூப்பில்லாவிட்டாலும் மூன்றாம் படியைச் சேர்ந்தவையே. அவை புதிதாக இருந்தபோது இருந்த நிலை இது. பிஸ்டன் ரிங் தேய்ந்து, நாசில் அடைத்து, ஏர் பில்டர் மாற்றாமல் ஓடுகிற வண்டியின் நிலையை இந்த வரம்புகள் சொல்வதில்லை.

அதைச் சொல்ல வேண்டியது புகைப் பரிசோதனை. பெட்ரோல் பங்கின் ஒரு மூலையில் சிறு அறையோ ஒரு வேனோ இருக்கும். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினைச் சூடாக்கி, சைலன்சரில் ஒரு குழாயைச் செருகி, நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முழுக்க மிதிப்பார்கள். புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று யந்திரம் அளந்து சொல்லும். நான்காம் படிக்கு முந்திய டீசல் வண்டிக்கு 65 அலகும், நான்காம் படிக்கு 50 அலகும் வரம்பு. பழைய வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், நான்காம் படியிலிருந்து மேற்பட்டவற்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் இது தேவை. இந்த யந்திரம் அளப்பது கண்ணுக்குத் தெரியும் கருமையை மட்டுமே. நுரையீரலின் அடி ஆழம் வரை போகிற மிக நுண்ணிய துகளையும், நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அது அறியாது. பாரம் இல்லாமல் நின்ற இடத்தில் எடுக்கும் அளவுக்கும், பதினைந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மெட்ரோ ரயில் வேலைக்காகக் குறுக்கிய பாதையில் ஊர்ந்து, நின்று நின்று கிளம்பும் நிலைக்கும் உள்ள தூரம் பெரிது. எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டுவதற்கு முந்திய நாள் பம்பின் டீசல் அளவைக் குறைத்து வைத்து, சான்று கைக்கு வந்த மறுநாள், இழுவை போதவில்லை என்று மறுபடியும் கூட்டிவிடுகிற வழக்கம் பட்டறைகளில் எவருக்கும் புதிதல்ல. காகிதம் சுத்தமாக இருக்கிறது. தெரு அப்படியே இருக்கிறது.

இவ்வளவு குறைகளுக்கு நடுவே நமக்கு அனுகூலமாக ஒரு பெரிய காரியம் சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கிறது. அதன் முக்கியத்துவம் பொதுஜனங்களுக்கு எட்டவில்லை என்றே நினைக்கிறேன். டீசலில் உள்ள கந்தகம், சென்னையில் 2005-இல் பத்து லட்சத்தில் 350 பங்காகவும், 2010-இல் 50 பங்காகவும், 2020-இல் 10 பங்காகவும் குறைக்கப்பட்டது. துகளை வடிகட்டும் சாதனங்களுக்கும் அவற்றிலுள்ள வினையூக்கிப் பூச்சுக்கும் கந்தகமே பரம விரோதி. 350 பங்கு கந்தகம் இருந்த காலத்தில் பழைய வேனில் வடிகட்டி பொருத்துவது பணத்தை வீணடிப்பதாகவே முடிந்திருக்கும். இன்றைக்கோ, இருபது வயதான வேனும் நேற்று ஷோரூமிலிருந்து வந்த காரும் ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே சுத்தமான டீசலைத்தான் நிரப்பிக்கொள்கின்றன. எண்ணெய் நிறுவனங்கள் பெரும் பொருட்செலவில் சுத்திகரிப்பு ஆலைகளைப் புதுப்பித்து உண்டாக்கிய இந்த வசதியைப் புது வண்டிகளுக்கு மாத்திரம் பயன்படுத்திக்கொண்டு, பழைய வண்டிகளை முன்போலவே புகையவிடுவது பாதி வேலை செய்து நிறுத்தியதற்குச் சமம்.

வடிகட்டி என்றால் என்ன என்று சற்று விளக்க வேண்டும். தேனடை போலச் சிறு சிறு சதுரக் குழல்கள் நிறைந்த ஒரு பீங்கான் உருளை. ஒரு குழலின் முன்வாயும் அடுத்த குழலின் பின்வாயும் மாறி மாறி அடைக்கப்பட்டிருப்பதால், புகை ஒரு குழலில் நுழைந்து, அதன் நுண்துளைச் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த குழல் வழியாகத்தான் வெளியேற முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடும். ஒழுங்காக வேலை செய்யும்போது துகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இது பிடித்துவிடுகிறது. ஆனால் தங்கிய கரி எரிந்து சாம்பலாக வேண்டும். தானாக எரிய 550 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். முன்னால் ஒரு வினையூக்கியை வைத்தால் 250, 300 டிகிரியிலேயே மெல்ல எரியும். இங்கேதான் சிக்கல். மயிலாப்பூரிலிருந்து ராஜா அண்ணாமலைபுரம் வந்து, பிள்ளைகளை இறக்கிவிட்டு, திரும்பிப் போய் நின்றுவிடுகிற பள்ளி வேனின் சைலன்சர் அந்த வெப்பத்தை அடைவதே இல்லை. சில வாரங்களில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், எஞ்சின் மூச்சுத் திணறும், மெக்கானிக் அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவார். இதை மறைத்து எல்லா வண்டிக்கும் ஒரே மருந்து என்று சொல்வது நேர்மையாகாது.

ஆகவே வண்டியின் உழைப்பைப் பார்த்துப் பரிகாரம் சொல்ல வேண்டும். விடியற்காலையில் கோயம்பேட்டிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு நிறை பாரத்தோடு தொடர்ந்து ஓடி வருகிற லோடு வேனுக்கும், திருப்பதிக்கும் புதுச்சேரிக்கும் ஓடுகிற டூரிஸ்ட் வேனுக்கும், எஞ்சினை முதலில் செப்பனிட்ட பிறகு, வடிகட்டி தகும். குறுகிய தூரம் ஓடும் பள்ளி வேனுக்கோ மின்சார மோட்டாரை மாற்றிப் பொருத்துவதே தகும் என்பது என் தீர்மானம். அதன் பாதை தினமும் ஒன்றே, தூரம் சொற்பம், காலை ஒன்பது மணியிலிருந்து மாலை மூன்று மணிவரை பெரும்பாலும் சும்மா நிற்கிறது, அந்த நேரத்தில் பள்ளி வளாகத்திலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். எரிவாயுவுக்கு மாற்றுவதைப் பலர் எளிய வழியாக நினைக்கிறார்கள். பெட்ரோல் எஞ்சினுக்கு அது எளிதுதான். நம் ஆட்டோக்கள் எல்.பி.ஜி.க்கு மாறியதை எல்லோரும் பார்த்தோம். ஆனால் அழுத்தத்தினாலேயே எரிகிற டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. ஹெட்டையும் பிஸ்டனையும் மாற்ற வேண்டும், அல்லது எஞ்சினையே மாற்ற வேண்டும். சிறு வண்டிக்கு அது பெரும்பாலும் கட்டுப்படியாவதில்லை.

சென்னையில் பழைய டீசல் வண்டிகளை ஒட்டுமொத்தமாக விலக்கும் விதி எதுவும் இன்றைக்கு இல்லை. இது நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். டில்லிக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. 1985-இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையில் இட்ட கட்டளையினால் அந்நகரப் பேருந்துகள் எரிவாயுவுக்கு மாற நேர்ந்தது. 2015-இல் பத்து ஆண்டைக் கடந்த டீசல் வண்டிகளைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்கு எரிபொருளே ஊற்றக்கூடாது என்று உத்தரவு வந்து, ஜனங்களின் எதிர்ப்பைக் கண்டு சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. வயது என்ற ஒரே காரணத்துக்காக நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லி, பிறகு டிசம்பரில், அந்தப் பாதுகாப்பு நான்காம் படியும் அதற்கு மேற்பட்டதுமான வண்டிகளுக்கே என்று திருத்தியது. இவ்வளவு அலைச்சலுக்குப் பிறகு டில்லி வந்து சேர்ந்திருக்கும் நியாயம் இதுதான்: வண்டியின் பிறந்த தேதியை அல்ல, அது விடும் நஞ்சைப் பார்க்க வேண்டும். அந்த நியாயத்திலிருந்தே நாம் தொடங்கலாமே.

தோக்கியோ நகரத்தின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1999-இல் அந்நகர ஆளுநர் இஷிஹாரா, டீசல் கரி நிரம்பிய ஒரு புட்டியை நிருபர்கள் முன்னிலையில் குலுக்கிக் காட்டிப் பிரசாரத்தைத் தொடங்கினார். 2000-இல் சட்டம் நிறைவேறி, மூன்று ஆண்டு அவகாசத்துக்குப் பிறகு 2003 அக்டோபர் 1 முதல், தோக்கியோவிலும் அண்டை மூன்று மாகாணங்களிலும், வரம்புக்கு உட்படாத லாரிகளும் பேருந்துகளும் ஓடக்கூடாது என்றாயிற்று. அங்கீகரிக்கப்பட்ட வடிகட்டியைப் பொருத்திக்கொண்டால் ஓடலாம், முதல் பதிவிலிருந்து ஏழு ஆண்டுகள்வரை விலக்கு, பொருத்துவதற்கு மானியம். தடை, வழி, பணம் மூன்றும் ஒன்றாக வந்ததனால் அது நடந்தது. அதே சமயம் 2004-இல், மித்சுயி என்ற பெரிய வர்த்தக ஸ்தாபனம், தன் துணை நிறுவனம் செய்த வடிகட்டிகளின் பரிசோதனைக் கணக்குகள் பொய்யாகப் புனையப்பட்டவை என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதற்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை விற்பனையாகியிருந்தன. விற்கிறவன் கொடுக்கும் கணக்கை நம்பாமல், சர்க்கார் தானே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டியதில்லை.

லண்டனில் 2019 ஏப்ரலில் நகர மையத்தில் தொடங்கிய கடுமையான புகை மண்டலம், 2023 ஆகஸ்ட் 29-இல் மாநகரம் முழுவதற்கும் விரிந்தது. ஆறாம் படிக்கு நிகரான யூரோ 6-க்கு உட்படாத டீசல் வேன் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை பவுண்டு கட்ட வேண்டும். ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் மளிகைக்கடை நடத்துகிற நம் தமிழர்கள், மொத்தச் சந்தையிலிருந்து அரிசி மூட்டையும் முருங்கைக்காயும் ஏற்றிவரும் வேனை மாற்றுவதா, தினமும் கட்டுவதா என்று கணக்குப் போட வேண்டிய நிலை அங்கே வந்தது. மாநகர நிர்வாகம் பழைய வண்டியை ஒப்படைப்பவர்களுக்கு மட்டுமன்றி, சீர்திருத்திக்கொள்ளும் வேன்களுக்கும் பண உதவி ஏற்படுத்தியது.

நம் நாட்டில் 2021 ஆகஸ்டில் வந்த பழைய வாகனக் கழிவுக் கொள்கை, அழிப்பதற்குச் சலுகையும் வைத்திருப்பதற்குத் தண்டனையும் தருகிறது. வண்டியை அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் ஒப்படைத்தால், புது வண்டியின் சாலை வரியில் வர்த்தக வண்டிக்கு 15 சதவீதம்வரை கழிவு உண்டு. பதினைந்து வயது கடந்த பேருந்து, லாரிகளின் தகுதிச் சான்றுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,500 ரூபாயிலிருந்து 12,500 ரூபாயாக உயர்ந்தது. சீர்திருத்துவதற்கு என்ன உண்டு? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுப் புத்தகத்திலுள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. அனுமதியோடு எரிபொருளை மாற்ற இடமுண்டு. அதற்கு மேல், சொந்தச் செலவில் வடிகட்டி பொருத்தி ஓடுகிறவருக்கு ஒரு ரூபாய் வரிக்குறைவோ, பதிவுப் புத்தகத்தில் ஒரு வரிப் பாராட்டோ கிடையாது. ஆனால் டீசல் ஜெனரேட்டருக்கு மாத்திரம், துகளில் 70 சதவீதமாவது பிடிக்கும் சாதனத்தைப் பின்னால் பொருத்திக்கொள்ளும் ஏற்பாட்டை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்து, சோதனை முறையையும் எழுதிவைத்திருக்கிறது. அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்புறம் நிற்கிற எஞ்சினுக்குச் சாத்தியமானது, தெருவில் ஓடுகிற எஞ்சினுக்கு ஏன் சாத்தியமாகக் கூடாது? சோதிப்பதற்கும் நாம் புனேவுக்குப் போக வேண்டியதில்லை. ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

பழையது எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்பது என் வாதமல்ல. இரண்டாம் படியைச் சேர்ந்த டீசல் வண்டிகள் நகரத்தைவிட்டுப் போகத்தான் வேண்டும். மூன்றாம் படியைச் சேர்ந்தவற்றிலும், எஞ்சின் எண்ணெயைக் குடித்து நீலப்புகை விடுகிற நிலைக்கு வந்தவற்றில் எந்த வடிகட்டியும் நில்லாது. அவை புதுப்பேட்டைக் காயலான் கடைகளுக்குப் போவதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, முறையாகப் பிரித்தெடுக்கிற நிலையத்துக்குப் போனால் இன்னும் நல்லது. காப்பாற்றத் தக்கவை, 2010-க்கும் 2020-க்கும் இடையே வந்த நான்காம் படி வண்டிகளும், நன்றாகப் பராமரிக்கப்பட்ட சில மூன்றாம் படி வண்டிகளும். புதிய வண்டி ஒன்றைச் செய்ய இரும்பும் மின்சாரமும் நிலக்கரியும் செலவாகின்றன என்பதையும், நல்ல உடலுள்ள வண்டியைப் பாதி ஆயுளில் நொறுக்குவது அந்தச் செலவையெல்லாம் குப்பையில் கொட்டுவது என்பதையும் கணக்கில் சேர்க்காமல் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேச முடியாது.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். ஆண்டுகள் கடந்த வண்டிகளிடமிருந்து தமிழ்நாடு அரசு பசுமை வரி என்ற பெயராலேயே ஒரு வரியை நெடுங்காலமாக வாங்கி வருகிறது. புகைக்காக வாங்கிய பணம் புகையைக் குறைப்பதற்கே செலவாவதுதான் முறை. அந்த வரியில் ஒரு பங்கை ஒதுக்கி, எஞ்சின் செப்பனிடும் செலவில் ஒரு பகுதியும், வடிகட்டி அல்லது மின்மோட்டார் செலவில் பெரும்பகுதியும், மீதிக்குக் கூட்டுறவு வங்கியின் குறைந்த வட்டிக் கடனும் என்று ஏற்பாடு செய்யலாம். 2025 ஜூன் 30-இல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளை மாநகரப் போக்குவரத்துக் கழகம் தொடங்கியதை மனமாரப் பாராட்டுகிறேன். அரசாங்கத்தின் வண்டிக்கு உலக வங்கி வரை போய்ப் பணம் தேட முடிகிறபோது, ஒற்றை வேனை வைத்திருக்கும் குடிமகனுக்குச் சிறிது பணம் தேட முடியாது என்பதை நான் ஏற்கவில்லை. ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் உள்ள மெக்கானிக்குகளுக்கு, கிண்டி தொழிற்பயிற்சி நிலையத்தில் சில வாரப் பயிற்சி கொடுத்து, வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டும் வேலையைக் கற்பிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மானியத்தில் வாங்கிய வடிகட்டிகள் யாவும் ஓராண்டுக்குள் பட்டறை மூலையில்தான் கிடக்கும்.

ஒவ்வோர் ஆண்டும் பள்ளிகள் திறக்கும் முன்பு வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் பள்ளி வாகனங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று 2012-ஆம் ஆண்டின் சிறப்பு விதிகளின்படி ஒன்றொன்றாகச் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனையிலே, சைலன்சரிலிருந்து என்ன வருகிறது என்பதையும் பாரத்தோடு ஓடவிட்டு அளந்து பார்க்கும்படி போக்குவரத்துத் துறையை வேண்டுகிறேன். டி.என். 06, 07 என்ற பதிவெண்களோடு தென்சென்னையில் ஓடும் பள்ளி வேன்களில் மட்டுமாவது, விருப்பமுள்ள உடைமைக்காரர்களைச் சேர்த்து, ஒரு கல்வியாண்டுக்கு மின்மோட்டார் மாற்றத்தைச் செய்து பார்க்கட்டும். முடிவுகளை, நல்லதோ கெட்டதோ, அப்படியே வெளியிடட்டும். பிள்ளைகளை வேனில் அனுப்புகிற பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை: வேன்காரர் மாதக் கட்டணத்தில் ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்டால் தெருவே திரண்டு பேரம் பேசுகிறோம், வண்டியைச் சீர்திருத்துவதற்காக என்று அவர் கேட்கும்போது, ரசீதைக் காட்டச் சொல்லிவிட்டு, தாராளமாகக் கொடுங்கள்.